கழுத்தெலும்பு முறிவு: கல்யாணம் முடியட்டும் என்று காத்திருக்கலாமா?

கடலூர் முதுநகரிலிருந்து ஒரு சகோதரி நான்கு பக்கத்துக்குக் கடிதம் எழுதியிருக்கிறார். அடையாளங்களை எடுத்துவிட்டுச் சாரத்தை மட்டும் தருகிறேன்.

அவருடைய அப்பாவுக்கு 69 வயது. துறைமுகத்துப் பக்கம் வலை, கயிறு விற்கும் சின்னக் கடை. சர்க்கரை உண்டு, பீடிப் பழக்கமும் உண்டு. மற்றபடி தன் வேலையைத் தானே பார்த்துக்கொள்ளும் மனிதர். மூன்று வாரத்துக்கு முன் விடியற்காலையில் நிலைப்படி தடுக்கி முன்பக்கமாக விழுந்து, திண்ணை விளிம்பில் நெற்றி இடித்திருக்கிறது. அருகிலிருந்த ஒரு மருத்துவமனையில் ஐந்து தையலும் ஒரு ஊசியும் போட்டு வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். கழுத்து வலிக்கிறது என்று அவர் சொன்னதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஒன்பதாம் நாள், பாயிலிருந்து எழும்போது அப்பா தன் தலையை இரண்டு கையாலும் தாங்கிப் பிடித்துக்கொண்டு எழுவதைப் பார்த்து மகள் பயந்துபோய் வேறு மருத்துவரிடம் அழைத்துப் போனார். சி.டி. ஸ்கேனில் இரண்டாவது கழுத்தெலும்பின் முளை, அதாவது 'ஓடன்டாய்டு', அடியில் உடைந்து 5 மில்லிமீட்டர் பின்னோக்கி நகர்ந்திருப்பது தெரிந்தது. எம்.ஆர்.ஐ.யில் தண்டுவடத்துக்குச் சேதம் இல்லை.

புதுச்சேரியில் ஒரு முதுகெலும்பு அறுவை மருத்துவர் பின்கழுத்து வழியாக ஸ்க்ரூ போட வேண்டும் என்கிறார். கடலூரில் இன்னொருவர் மூன்று மாதம் காலர் போட்டுப் பார்ப்போம் என்கிறார். சித்தப்பா புத்தூர் கட்டு போதும் என்கிறார். வெளிநாட்டில் இருக்கும் தம்பி, 'கை கால் நன்றாகத்தானே இருக்கிறது, எதற்கு அவசரம்' என்கிறான். தங்கைக்கு ஆவணிக் கடைசியில் கல்யாணம், இன்னும் பத்து வாரம் இருக்கிறது. அது முடிந்ததும் அறுவை செய்துகொள்ளலாமா என்பதுதான் கடிதத்தின் முக்கியக் கேள்வி. கூடவே ஒரு வரி: 'அப்பாவிடம் எலும்பு உடைந்திருப்பதைச் சொல்லவில்லை. சதைப் பிடிப்பு என்றுதான் சொல்லி வைத்திருக்கிறோம். ராத்திரி இரண்டு மணிக்கு வெல்க்ரோ பிய்க்கும் சத்தம் கேட்டு எழுந்து பார்த்தால், காலர் தலையணைக்குப் பக்கத்தில் கிடக்கிறது.'

அன்புள்ள சகோதரிக்கு,

நான் ஸ்கேன் படங்களைப் பார்க்கவில்லை. நீங்கள் எழுதி அனுப்பிய அறிக்கை வரிகளை வைத்துத்தான் பேசுகிறேன். கடைசி வார்த்தை உங்கள் அப்பாவைத் தொட்டுப் பார்க்கும் மருத்துவருடையது. ஆனால் உங்கள் கடிதத்தில் இரண்டு இடங்களில் நின்றுவிட்டேன். ஒன்று, தலையைக் கையால் தாங்கிக்கொண்டு எழுந்தார் என்ற இடம். மேல்கழுத்து எலும்பு ஆடுகிறது என்பதற்கு எங்கள் துறையில் இது பழைய, நம்பகமான அடையாளம். கழுத்தே தன்னைத் தாங்காது என்று உடம்புக்குத் தெரிந்துவிடுகிறது. கை தானாகப் போய்ப் பிடித்துக்கொள்கிறது. அதைக் கண்டு நீங்கள் கிளம்பிப் போனது பெரிய காரியம். இன்னொன்று அந்த வெல்க்ரோ சத்தம். அதற்குக் கடைசியில் வருகிறேன்.

உடைந்தது எது?

கழுத்தில் ஏழு எலும்புகள். மேலே முதலாவது ஒரு வளையம். தலை அதன்மேல் உட்கார்ந்திருக்கிறது. இரண்டாவது எலும்பிலிருந்து பல் மாதிரி ஒரு முளை மேலே எழும்பி அந்த வளையத்துக்குள் நுழைந்து நிற்கும். திருகைக்கல்லின் நடுவில் முளைக்குச்சி இருக்குமே, கிட்டத்தட்ட அப்படித்தான். நாம் இடம் வலமாகத் தலையைத் திருப்புவதில் ஏறக்குறைய பாதி இந்த ஒரு மூட்டில்தான் நடக்கிறது. மீதிப் பாதியை மற்ற மூட்டுகள் எல்லாம் சேர்ந்து பகிர்ந்துகொள்கின்றன.

அந்த முளை மூன்று இடங்களில் உடையலாம். 1974-இல் ஆண்டர்சன், டி'அலான்சோ என்ற இரு மருத்துவர்கள் பிரித்த வகைப்பாடுதான் இன்றும் எல்லா அறிக்கையிலும் வருகிறது. நுனி உடைந்தால் முதல் வகை, அபூர்வம். முளையின் அடி ஒடிந்தால் இரண்டாம் வகை. முறிவு கீழே இறங்கி எலும்பின் உடலுக்குள் போனால் மூன்றாம் வகை. அங்கே எலும்புப் பரப்பு அகலம், ரத்தம் நிறைய, பெரும்பாலும் காலரிலேயே சேர்ந்துவிடும். உங்கள் அப்பாவுக்கு வந்திருப்பது இரண்டாம் வகை. மூன்றில் தொல்லை பிடித்தது இதுதான். அடிப்பகுதி ஒல்லியானது. ரத்த ஓட்டம் குறைவு. தலை ஒவ்வொரு முறை அசையும்போதும் உடைந்த இரண்டு முனைகளும் ஒன்றையொன்று உரசிக்கொண்டே இருக்கும். வயதானால் அங்குள்ள எலும்பு கடற்பஞ்சு போலாகிவிடுவதும் சேர்ந்துகொள்கிறது. கை எலும்பு மாவுக்கட்டில் சேர்வதை வைத்து இதைக் கணக்குப் போட முடியாது.

வயதானவர்கள் நின்ற உயரத்திலிருந்து, நெற்றி அடிபட விழுந்தாலே இது உடையும். மாடியிலிருந்து விழ வேண்டும், லாரி மோத வேண்டும் என்பதெல்லாம் இல்லை. நெற்றி திண்ணையில் தட்டி நின்றுவிட, உடம்பு முன்னால் போக, தலை பின்னால் மடிகிறது; முளை ஒடிந்து பின்னோக்கி நகர்கிறது. உங்கள் அறிக்கையில் 'பின்னோக்கி' என்று இருப்பது அப்படியே பொருந்துகிறது.

தம்பி கேட்ட கேள்வி

கை கால் நன்றாக இருக்கிறதே என்று தம்பி கேட்பதில் தவறில்லை, யாரும் அப்படித்தான் நினைப்பார்கள். மேல்கழுத்தில் தண்டுவடத்தைச் சுற்றி இடம் தாராளம். ஸ்டீல் என்ற அமெரிக்க மருத்துவர் 1968-இல் இதற்கு எளிய கணக்கு ஒன்று சொன்னார்: முதல் எலும்பின் வளையத்துக்குள் மூன்றில் ஒரு பங்கு முளை, ஒரு பங்கு தண்டுவடம், ஒரு பங்கு வெற்றிடம். அந்த வெற்றிடம்தான் இப்போது உங்கள் அப்பாவைக் காப்பாற்றிக்கொண்டிருக்கிறது. அதில் 5 மில்லிமீட்டர் ஏற்கெனவே செலவாகிவிட்டது. இன்னொரு முறை குளியலறையில் வழுக்கினாலோ, பேருந்து சடாரென்று பிரேக் போட்டாலோ மீதியும் போகலாம். அந்த உயரத்தில் தண்டுவடம் நசுங்கினால் கை கால் மட்டும் போகாது, மூச்சும் நின்றுபோகலாம். அறுவைக்கு நல்ல நேரம் எது என்று தம்பி கேட்டால், கை கால் நன்றாக இருக்கும் இந்த நேரம்தான் என்று சொல்லுங்கள்.

சொல்லாமல் விட்டால் தப்பு: போன தடவை புதுச்சேரிக்கு டவுன் பஸ்ஸில் அழைத்துப் போனதாக எழுதியிருக்கிறீர்கள். இனி வேண்டாம். காலரோடு, படுத்த நிலையில், தலைக்கு இரண்டு பக்கமும் சுருட்டிய துண்டு வைத்து, வண்டியை நிதானமாக ஓட்டச் சொல்லி அழைத்துப் போங்கள். இருபது கிலோமீட்டர் சொச்சம்தான், ஆனால் எத்தனை வேகத்தடை என்று உங்களுக்கே தெரியும்.

இன்னும் சில மாதம் கழித்துக்கூட தண்டுவடம் மெல்ல மெல்ல நசுங்கத் தொடங்கலாம். அது வலியாக வராது. சட்டைப் பொத்தான் போடக் கை தடுமாறும், சோற்றைப் பிசைந்து உருட்ட வராது, வேட்டி முனையைச் செருகினால் நிற்காது, நடையில் ஒரு தள்ளாட்டம் வரும், செருப்பு கழன்றது தெரியாது. 'வயசாகிடுச்சு' என்று விட்டுவிடுகிற சங்கதிகள். இவற்றில் ஒன்று தெரிந்தாலும் அன்றைக்கே கிளம்புங்கள். மூச்சு வாங்கினாலோ, சிறுநீர் நின்றுபோனாலோ 108.

பக்கத்துத் தெருப் பையனும் புத்தூர் கட்டும்

பைக்கில் விழுந்த பக்கத்துத் தெருப் பையனுக்கும் 'இதே எலும்பு' உடைந்து மூன்று மாதக் காலரில் சரியானது என்று எழுதியிருக்கிறீர்கள். அதே எலும்பாகத்தான் இருக்கும், ஆனால் வேறு இடம். இரண்டாவது எலும்பின் பின்வளைவு இரண்டு பக்கமும் உடைவதைத் தூக்கு முறிவு என்போம். தூக்கிலிடப்பட்டவர்களிடம் காணப்பட்டதால் வந்த பெயர். பெயர்தான் பயங்கரம், அதிகம் நகராதவை பெரும்பாலும் காலரில் சேர்ந்துவிடும். முதல் எலும்பின் வளையம் வெடிப்பது இன்னொன்று, ஜெஃபர்சன் முறிவு. அதிலும் உள்ளே இருக்கும் குறுக்கு நார் அறுந்துபோகாதவரை காலர் போதும். பையனுக்கு 22 வயது என்கிறீர்கள். அப்பாவுக்கு 69. ஒருவர் கழுத்தை வைத்து இன்னொருவர் கழுத்துக்கு முடிவெடுக்க முடியாது.

சித்தப்பாவுக்கு என்ன பதில்? புத்தூர் கட்டில் கை எலும்பு சேர்ந்த ஆட்களை நானும் பார்த்திருக்கிறேன். அவரோடு சண்டை போட வேண்டாம். ஆனால் கழுத்தை யாரும் நீவவோ, இழுக்கவோ, எண்ணெய் தேய்த்துச் சொடக்கெடுக்கவோ கூடாது. சலூனில் முடிவெட்டி முடித்ததும் தலையைப் பிடித்து ஒரு திருகு திருகுவார்களே, அது ஆரோக்கியமான கழுத்துக்கே ஆகாது. இந்தக் கழுத்தில் அது உயிரோடு விளையாடுவது. சித்தப்பாவை மருத்துவரிடம் கூட்டிப் போய் அந்த சி.டி. படத்தைத் திரையில் காட்டச் சொல்லுங்கள். நான் பேசிப் புரியவைக்க முடியாத பல சித்தப்பாக்களுக்கு அந்தப் படம் ஒரு நிமிடத்தில் புரியவைத்திருக்கிறது.

காலரா, அறுவையா?

கடலூர் மருத்துவர் சொன்னதைத் தவறு என்று நான் சொல்ல மாட்டேன். இதில் மருத்துவர்களுக்குள்ளேயே ஒருமித்த கருத்து கிடையாது, உங்களைக் குழப்புவதற்காக அவர்கள் மாற்றிப் பேசவில்லை.

எலும்பு சேராமல் போகும் வாய்ப்பைக் கூட்டுபவை எவை என்று தெரியும்: வயது 50-க்கு மேல், 5 மில்லிமீட்டருக்கு மேல் நகர்வு, பின்னோக்கிய நகர்வு, முளை சாய்ந்திருப்பது, சிகிச்சை தாமதம். பீடியைப் பட்டியலில் சேருங்கள். 2000-இல் வெளியான ஒரு ஆய்வில், கழுத்து அசையாமலிருக்கத் தலையில் ஆணி வைத்து வெளியே ஒரு வளையம் பொருத்திச் சிகிச்சை பெற்றவர்களில் 50 வயதைத் தொட்டவர்களுக்கு எலும்பு சேராமல் போகும் வாய்ப்பு 21 மடங்கு அதிகம் என்று வந்தது. உங்கள் அப்பா நகர்வில் அந்த எல்லைக்கோட்டில் நிற்கிறார், மற்றவற்றில் பெரும்பாலும் உள்ளேயே இருக்கிறார்.

2013-இல் வட அமெரிக்காவில், 65 வயதைத் தாண்டிய 159 பேரை ஓராண்டு பின்தொடர்ந்து ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். அறுவை செய்துகொண்டவர்களில் 14 சதவீதம் பேரும், செய்துகொள்ளாதவர்களில் 26 சதவீதம் பேரும் அந்த ஓராண்டுக்குள் இறந்திருந்தார்கள். இந்த எண்ணைப் பார்த்துவிட்டு உடனே முடிவு கட்ட வேண்டாம். சீட்டுக் குலுக்கிப் பிரித்த ஆய்வு அல்ல அது. உடம்பு தெம்பாக இருந்தவர்களை மருத்துவர்கள் அறுவைக்கு அனுப்பியிருக்கலாம். சமீபத்தில் ஐரோப்பாவில் நடந்த இன்னோர் ஆய்வில், எலும்பு சேராவிட்டாலும் நார் பிடித்து ஆடாமல் நின்றுவிட்டால் முதியவர்கள் நன்றாகவே நடமாடுகிறார்கள் என்று சொல்கிறார்கள். கடலூர் மருத்துவர் மனதில் இதுதான் இருந்திருக்கும்.

என் கருத்து கேட்டீர்கள், மறைக்காமல் சொல்கிறேன். இதே படத்தோடு 85 வயதுக்காரர், பாதி நேரம் படுக்கையில் இருப்பவர், இதயம் பலவீனமானவர் வந்திருந்தால் காலரோடு நிறுத்திக்கொள்வேன். உங்கள் அப்பா கடையைத் திறந்து மூடுகிற மனிதர். எலும்பு பின்னோக்கி நகர்ந்திருக்கிறது, மூன்று வாரம் போய்விட்டது, காலரோ இரவில் கழற்றப்படுகிறது. அதனால் புதுச்சேரி மருத்துவர் சொன்ன பக்கம்தான் நானும் சாய்கிறேன். ஒருவேளை காலர்தான் என்று முடிவானால், அது இருபத்து நான்கு மணி நேரக் காலராக இருக்க வேண்டும், ஆறு முதல் எட்டு வாரத்துக்குள் மறுபடி சி.டி. எடுக்க வேண்டும். மருந்துக்கடையில் கிடைக்கும் மெத்தென்ற பெல்ட் இதற்கு உதவாது. தாடையையும் பின்தலையையும் தாங்குகிற, முன்னும் பின்னும் இரண்டு துண்டாக வரும் கெட்டிக் காலர் வேண்டும். தலையில் ஆணி வைத்து வளையம் மாட்டும் முறையை முதியவர்களுக்கு நான் விரும்புவதில்லை. விழுங்க முடியாமல் நெஞ்சில் சளி கட்டிக்கொள்கிறது.

கழுத்தில் கத்தி வைத்தால்

கை கால் விழுந்துவிடும் என்ற பயம் கடலூரிலும் இருக்கிறது, புதுச்சேரியிலும் இருக்கிறது, நான் படித்த காலத்திலும் இருந்தது. அறுவை எப்படி நடக்கிறது என்று கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், பயத்தின் அளவு சரியாகும்.

முன்கழுத்து வழியாக ஒரு ஸ்க்ரூவைக் கீழிருந்து முளைக்குள் ஏற்றுவது ஒரு வழி. எண்பதுகளின் தொடக்கத்தில் ஜப்பானிலும் ஆஸ்திரியாவிலும் தொடங்கியது. தலை திருப்பும் பாதி அசைவு மிஞ்சும் என்பது இதன் அழகு. ஆனால் எலும்பு கெட்டியாக இருக்க வேண்டும், முறிவு சரியான சாய்வில் இருக்க வேண்டும், கழுத்து குட்டையாகவோ நெஞ்சு பருத்தோ இருக்கக் கூடாது. முதியவர்களில் சிலருக்கு இதற்குப் பிறகு சில வாரம் விழுங்குவதில் தொல்லை வந்து, கஞ்சி புரையேறி நுரையீரலுக்குள் போய்விடுகிறது. 'ஏன் முன்பக்கம் செய்யக் கூடாது' என்று நீங்கள் கேட்டதற்கு இதுதான் பதில். உங்கள் மருத்துவர் யோசித்துத்தான் பின்பக்கத்தைத் தேர்ந்தெடுத்திருப்பார்.

பின்கழுத்து வழியில் முதல் எலும்பின் இரு பக்கமும் இரண்டு, இரண்டாவது எலும்பில் இரண்டு என்று நான்கு ஸ்க்ரூ. பென்சிலில் பாதிகூட இருக்காது, மூன்றரை மில்லிமீட்டர் தடிமன், டைட்டானியம். அவற்றை இரண்டு சின்னக் கம்பிகளால் இணைத்து, இடுப்பிலிருந்து கொஞ்சம் எலும்பை எடுத்து வைத்துவிடுவோம். இந்த முறையை 1994-இல் எழுதி உலகுக்குச் சொன்னவர்களில் முதன்மையானவர் மும்பை கே.இ.எம். மருத்துவமனையின் அதுல் கோயல். 2001-இல் ஜெர்மனியின் ஹார்ம்ஸ் அதைச் சற்று மாற்றி எளிமையாக்கினார். இன்று கோயல்–ஹார்ம்ஸ் என்று இரண்டு பெயரையும் சேர்த்தே சொல்கிறோம். அதற்கு முன், 1939-இலிருந்தே, கம்பியால் கட்டுகிற முறைகள் இருந்தன. அவற்றில் எலும்பு சேராமல் போவது அதிகம். ஸ்க்ரூ முறையில் பத்துக்கு ஒன்பதுக்கு மேல் சேர்ந்துவிடுகிறது.

அறுவை அரங்கில் எனக்கு நெஞ்சு படபடக்கும் இடம் ஸ்க்ரூ போடும் இடம் அல்ல. மயக்கம் கொடுத்து மூச்சுக்குழாய் வைப்பதும், பிறகு ஆளைக் குப்புறத் திருப்புவதும்தான். மயக்க மருத்துவர் வளையும் கேமராக் குழாயை வைத்துக் கழுத்தை அசைக்காமல் குழாயை இறக்குவார். தலையை மூன்று ஆணிப் பிடிப்பில் பொருத்தி, நான் தலையைப் பிடிக்க, நான்கு பேர் உடம்பைப் பிடிக்க, ஒரே எண்ணிக்கையில் மரக்கட்டையைப் புரட்டுவது மாதிரி புரட்டுவோம். உடனே எக்ஸ்ரே பார்த்து எலும்பு இடம் மாறவில்லை என்று உறுதி செய்துகொண்ட பிறகுதான் அரங்கில் யாராவது மூச்சு விடுவார்கள். அதன்பின் இரண்டு, மூன்று மணி நேர வேலை.

ஆபத்து இல்லை என்று சொல்ல மாட்டேன். மூளைக்கு ரத்தம் கொண்டுபோகும் முதுகெலும்புத் தமனி ஸ்க்ரூ போகிற பாதையை ஒட்டியே ஓடுகிறது. சிலருக்கு அது இயல்புக்கு மாறாக உயர்ந்து வளைந்திருக்கும். அதனால் அறுவைக்கு முன் ரத்தக்குழாய் தெரியும்படி சி.டி. எடுத்தார்களா என்று கட்டாயம் கேளுங்கள். தமனியில் காயம் படுவது நூற்றில் சிலருக்கு மட்டும். தண்டுவடத்தில் காயம் படுவது அதைவிட அபூர்வம். அடிக்கடி நான் பார்ப்பது வேறு: சர்க்கரையால் தையல் ஆறாமல் சீழ் பிடிப்பது, பலமில்லாத எலும்பில் ஸ்க்ரூ தளர்வது, நெஞ்சுச்சளி, பின்தலையில் மரமரப்பு, முதல் இரண்டு மூன்று இரவுகள் ஆள் குழம்பிப்போய் 'கடையைப் பூட்டினேனா' என்று கேட்பது. இந்தக் குழப்பத்தைப் பார்த்து மூளை போய்விட்டது என்று பதற வேண்டாம். பகலில் ஜன்னலோரம் உட்காரவைத்து, கண்ணாடி மாட்டிவிட்டு, தெரிந்த முகம் ஒன்று பக்கத்தில் இருந்தால் பெரும்பாலும் தெளிந்துவிடும்.

ஓர் இழப்பு நிச்சயம்: தலையைத் திருப்புவது பாதியாகக் குறையும். கடையில் உட்கார்ந்தபடி பின்னால் இருக்கும் அலமாரியைப் பார்க்க முடியாது, உடம்போடு திரும்ப வேண்டும். டி.வி.எஸ். ஓட்டுவதை மறந்துவிடச் சொல்லுங்கள். ஸ்க்ரூவைப் பிறகு எடுக்க வேண்டுமா என்று கேட்டிருந்தீர்கள். வேண்டாம், அது அங்கேயே இருக்கும், பின்னால் எம்.ஆர்.ஐ. எடுக்கவும் தடையில்லை.

அறுவைக்கு முன் மூன்று மாத சர்க்கரை அளவு பார்த்து, அதிகமானால் இன்சுலின் போட்டுக் கட்டுக்குள் கொண்டுவருவார்கள். பீடி இன்றைக்கே நிற்க வேண்டும். ரத்தம் உறையாமலிருக்கும் மாத்திரை ஏதாவது சாப்பிடுகிறாரா என்று நீங்கள் எழுதவில்லை. இருந்தால் மருத்துவரிடம் சொல்லுங்கள், நீங்களாக நிறுத்தாதீர்கள்.

பணமும் காகிதமும்

முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருக்கிறது என்கிறீர்கள். ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்கும் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை உண்டு. ஆனால் அந்த அட்டை தமிழ்நாட்டு அரசுடையது. புதுச்சேரி மருத்துவமனை எல்லாவற்றிலும் செல்லும் என்று நினைத்துவிடாதீர்கள். சேர்வதற்கு முன்பே அங்குள்ள காப்பீட்டு மேசையில் இந்த அறுவையின் பெயரைச் சொல்லி, முன் அனுமதி கிடைக்குமா, ஸ்க்ரூவின் விலையும் அதில் அடங்குமா என்று கேளுங்கள். இன்னொரு கருத்து வேண்டுமென்றால் கோரிமேடு ஜிப்மர் இருக்கிறது. கூட்டம் அதிகம், விடியற்காலையிலேயே போய்விடுங்கள். பிலிமை மட்டும் கொண்டுபோனால் போதாது. சி.டி. பதிவான தட்டைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள், எந்தக் கோணத்திலும் வெட்டிப் பார்க்க அதுதான் வேண்டும்.

முதலில் தையல் போட்ட மருத்துவமனைமீது வழக்குப் போடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். நான் வக்கீல் இல்லை. 2001-இல் கனடாவில் வகுத்த, இன்று பல நாடுகளில் பின்பற்றும் விதிப்படி, 65 வயதைத் தாண்டியவர் தலையில் அடிபட்டு வந்து கழுத்து வலி என்றால் படம் எடுத்தே ஆக வேண்டும். அந்த வகையில் உங்கள் கோபம் நியாயம். அதே நேரம், தேய்ந்த கழுத்தில் சாதாரண எக்ஸ்ரேயில் இந்த முறிவு கண்ணில் படாமல் போவதும் உண்டு. இப்போதைக்கு ஒன்று செய்யுங்கள்: சிகிச்சைப் பதிவின் நகலை எழுத்தில் கேளுங்கள். 2002-ஆம் ஆண்டு மருத்துவ நெறிமுறை விதிப்படி 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும். நுகர்வோர் ஆணையத்துக்குப் போக இரண்டு ஆண்டு அவகாசம் உண்டு. கழுத்துக்கு அவ்வளவு அவகாசம் இல்லை, அதை முதலில் பார்ப்போம்.

அப்பாவுக்குத் தெரிய வேண்டும்

இப்போது வெல்க்ரோவுக்கு வருகிறேன். நான்கு பக்கக் கடிதத்தில் சித்தப்பா பேசுகிறார், தம்பி பேசுகிறான், பக்கத்துத் தெருக்காரர் பேசுகிறார். அப்பா பேசவே இல்லை. 'பயந்துவிடுவார்' என்று மறைத்தீர்கள், அந்த அக்கறை புரிகிறது. ஆனால் சதைப் பிடிப்புக்கு யாராவது ஜூன் மாத வேர்வையில், தாடை அரிக்க அரிக்க, ராத்திரி முழுக்கக் காலர் போட்டுக்கொள்வார்களா? அவர் கழற்றுவது முரண்டு இல்லை, அவருக்குச் சொல்லப்பட்டதை வைத்துப் பார்த்தால் நியாயமான காரியம். சட்டப்படியும், தெளிந்த நினைவோடு இருக்கும் ஒருவருக்குப் பதில் மகளோ மகனோ கையெழுத்துப் போட்டுவிட முடியாது. அறுவைக்குச் சம்மதம் அவருடையது.

இன்றைக்குச் சாயங்காலமே, கூட்டம் கூட்டாமல், நீங்கள் மட்டும் உட்கார்ந்து சொல்லுங்கள். 'அப்பா, கழுத்துல எலும்பு உடைஞ்சிருக்கு. நரம்பு நல்லா இருக்கு. அதைக் காப்பாத்தத்தான் இந்தக் காலர்' என்ற மூன்று வாக்கியம் போதும். பிறகு அவர் கேட்பதற்குப் பதில் சொல்லுங்கள். புயலையும் சுனாமியையும் பார்த்த துறைமுகத்து மனிதர், நீங்கள் நினைக்கிற அளவுக்குப் பயப்பட மாட்டார். எல்லாம் கேட்டுவிட்டு 'எனக்குக் கத்தி வேண்டாம்' என்றால், அதுவும் அவர் முடிவு. காலரை ஒழுங்காகப் போட்டுக்கொண்டு அந்த வழியில் போவோம்.

காலருக்கு ஒரு கைப்பக்குவம் சொல்கிறேன். தினம் ஒருமுறை படுக்கவைத்தே கழற்றுங்கள். ஒருவர் தலைமாட்டில் உட்கார்ந்து இரண்டு காதையும் சேர்த்துத் தலையை அசையாமல் பிடிக்க வேண்டும். இன்னொருவர் முன்துண்டை மட்டும் எடுத்து, ஈரத்துணியால் துடைத்து, நன்றாக உலரவிட்டு, தாடையிலும் பின்தலையிலும் சிவந்திருக்கிறதா என்று பார்த்து மறுபடி மாட்ட வேண்டும். உள்ளே மெல்லிய பருத்தித் துணி வைத்தால் அரிப்பு குறையும். சவரத்தையும் அப்போதே முடித்துவிடலாம். பாயை எடுத்துவிட்டுக் கட்டில் போடுங்கள். தரையிலிருந்து எழுவதுதான் கழுத்துக்கு அதிகச் சுமை. சாப்பாட்டை நிமிர்ந்து உட்காரவைத்து, சின்னச் சின்ன உருண்டையாகக் கொடுங்கள்.

கல்யாணத்துக்கு வருகிறேன். அறுவையைக் கல்யாணத்துக்குப் பிறகு வைத்துக்கொள்வது எனக்குச் சரியாகப் படவில்லை. மண்டபம், வரவேற்பு, நாலு பேர் வந்து தோளில் தட்டிப் பேசுவது எல்லாவற்றையும் ஆடுகிற எலும்போடு கடப்பதைவிட, கட்டிய எலும்போடு கடப்பது மேல். பத்து வாரம் கழித்து முன்கழுத்து ஸ்க்ரூவுக்கான வாய்ப்பும் குறைந்துவிடும். இந்த வாரமோ அடுத்த வாரமோ அறுவை நடந்தால், சிக்கல் இல்லாதவரை மறுநாளோ அதற்கு மறுநாளோ எழுந்து உட்காருவார், ஒரு வாரத்தில் வீட்டுக்கு வருவார், ஆவணிக் கடைசிக்குள் எட்டு வாரம் தாண்டியிருக்கும். காலர் அப்போதும் இருக்கலாம். பட்டு வேட்டிக்குமேல் காலரோடு மணமேடையில் உட்கார்ந்து தாரை வார்த்துக் கொடுத்த ஒருவரை எனக்குத் தெரியும். புகைப்படக்காரர்தான் கொஞ்சம் சங்கடப்பட்டார். மாலை கனமில்லாமல் ஒற்றைச் சரமாகக் கட்டச் சொல்லுங்கள். மணையில் தரையில் உட்காரவைக்காமல் நாற்காலி போடுங்கள், ஐயரிடம் முன்பே சொல்லிவிட்டால் ஏற்பாடு செய்துகொள்வார். காலில் விழுகிற பிள்ளைகளை அப்பா குனிந்து தூக்க வேண்டாம், உட்கார்ந்த இடத்திலிருந்தே அட்சதை போடட்டும். மண்டபத்தில் கை கழுவும் இடம் எப்போதும் ஈரமாகத்தான் இருக்கும், அங்கே மட்டும் ஒரு ஆள் அவர் கையைப் பிடித்துக்கொள்ளட்டும்.